தடுப்பதற்கு முன் ஒருமுறை கரைக்குப் போய்ப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் பழைய மாணவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் வீடு தேடி வருவது நிற்கவில்லை. அண்மைக் காலத்தில் அப்படி வரும் பெற்றோர் பலருக்கும் கவலை ஒன்றாகவே இருக்கிறது. மகன் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பலகையோடு கடலுக்குள் போகிறான். மகள் ஸ்கேட்போர்டு வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறாள். பதினோராம் வகுப்புப் பையன் மலையேற்றப் பயிற்சிக்கு உத்தரகாசி போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "இதை எப்படி டீச்சர் விட வைப்பது?" என்று கேட்கிறார்கள். விட வைக்கும் வழி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அந்த ஆர்வம் எப்படிப்பட்டது, அதைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொள்ளலாம், எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கொஞ்சமும் இளகக் கூடாது என்பதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு. கோடை விடுமுறையில் புதுச்சேரி, கடலூர்க் கடற்கரைகளில் பிள்ளைகள் கூட்டம் பெருகும் இந்த நேரத்தில் அவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெற்றோரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது வீண் பயம் என்று நம் ஊர்க் கடலை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்துக்குள் கடல் புகுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தபோது பட்ட பாட்டை மறந்த வீடு இந்தப் பகுதியில் இல்லை. ஆனால், இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை ஆழிப்பேரலைக்கு வெகுகாலம் பிறகு பிறந்தது. தானே புயல் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தது. 'கடலுக்குப் போகாதே' என்று சொல்லும்போது நம் மனத்தில் ஓடுவது அந்தக் காலையும் அந்த இரவும். பிள்ளையின் காதில் விழுவதோ காரணம் சொல்லப்படாத ஒரு 'போகாதே' மட்டுமே.

சிங்காரத்தோப்புப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தாய், ஆழிப்பேரலையில் கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவர், தன் மகனிடம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவன் அலைச்சறுக்கு கற்க வேண்டும் என்று கேட்ட அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. சில நாள் கழித்து, என் வற்புறுத்தலின் பேரில், நடந்ததை அவனிடம் முழுவதும் சொன்னார். பையன் எதிர்த்துப் பேசவில்லை. கடல் எவ்வளவு தூரம் உள்வாங்கியது, எந்தப் பக்கமிருந்து திரும்பி வந்தது, சித்தப்பா எதைப் பிடித்துக்கொண்டு தப்பினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டானாம். இன்று அவன் பயிற்சிக்குப் போகிறான். ஆனால், காலையில் எழுந்ததும் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையைக் கைப்பேசியில் பார்த்து, அதை அம்மாவிடமும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறான். அந்தத் தாயின் பயம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பயத்துக்கான காரணம் இப்போது பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்து, பிள்ளையின் பக்கம். பதின்ம வயதில் புதுமையையும் வேகத்தையும் தேடும் உணர்வு உச்சத்தில் இருக்கிறது. பின்விளைவை எடைபோட்டு நிதானிக்கும் மூளைப்பகுதி முழுமையாக முதிர இருபத்தைந்து வயது அளவுக்கு ஆகிறது. இதைச் சொன்னால் 'அதனால்தானே வேண்டாம் என்கிறோம்' என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதின்ம வயதினரையும் பெரியவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை, ஒரு பிரிவினரைத் தனியாகவும் மற்றொரு பிரிவினரைக் கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்படியும் ஆட வைத்தார்கள். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் துணிந்து எடுத்த அபாயம் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. எந்த விளையாட்டு என்பதோடு, யாருடன், யார் பார்வையில் என்பதும் ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே, பிள்ளையைச் சுற்றி நிற்பவர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கும் கூட்டாளிகளா, இன்றைக்கு அலை சரியில்லை, கரையேறு என்று சொல்லும் பயிற்சியாளரா என்பதைப் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம் கரையில் ஒரு காலை வேளையை விரிவாகச் சொல்ல வேண்டும். மகளின் அலைச்சறுக்கு ஆசையை எதிர்த்துவந்த ஒரு தாயை, பலமுறை கெஞ்சி, அங்கே அழைத்துப் போயிருந்தேன். அந்தப் பெண் வந்தவுடன் தண்ணீரில் பாயவில்லை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்கு எட்டத்தில் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்தாள். அலை எங்கே உடைகிறது, உடைந்த தண்ணீர் எந்தப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது என்று தன் பயிற்சியாளரிடம் கைகாட்டிப் பேசினாள். பலகையின் மேல் மெழுகைத் தேய்த்தாள். பின்னங்கால் கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டினாள். கடலுக்குள் போன பின்பும் அலைகளைத் தொடர்ந்து விட்டுக்கொடுத்தபடியே பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றைத் தேர்ந்து, துழாவி, எழுந்து நின்ற கணத்திலேயே விழுந்தாள். விழுந்தவள் தலையைக் கையால் மறைத்தபடி மேலே வந்தாள், பலகை வந்து இடிக்கக் கூடும் என்பதால். இப்படியே திரும்பத் திரும்ப. என் பக்கத்தில் நின்ற தாய் மெல்லச் சொன்னார்: "வீட்டுல ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டா டீச்சர். இங்க பாருங்க, எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கா!"

அந்த ஒரு காலையில் அவர் தெரிந்துகொண்டதை நான் எத்தனை முறை பேசியும் புரிய வைத்திருக்க முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த விளையாட்டுகள் உயிரைப் பணயம் வைக்கும் வெறியாகத் தெரிகின்றன. உள்ளே இருப்பது காத்திருப்பு, கணிப்பு, விழுந்தபின் என்ன செய்வது என்ற பாடம், தன் பயத்தோடு பழகிக்கொள்ளும் பயிற்சி. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் பள்ளி வாழ்க்கையில், தவறினால் தவறு உடனே தெரிகிற, சரியாகச் செய்தால் யாருடைய பாராட்டும் இல்லாமலே தனக்குத் தெரிகிற இடம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? அதனால்தான் விடியும் முன் எழுப்பாமலே எழுந்து போகிறார்கள்.

முழுத் தடை விதிக்கும் வீடுகளில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆர்வம் அடங்குவதில்லை, நம் கண்ணுக்கு மறைவாகப் போய்விடுகிறது. டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரவல் பலகை, கயிறு அறுந்த பலகை, தலைக்கவசம் இல்லாத ஸ்கேட்போர்டு, பயிற்சியாளர் இல்லாத நேரம். அடிபட்டு வந்தாலும் வீட்டில் சொல்வதில்லை, சொன்னால் தடை இன்னும் இறுகும் என்பதால். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. அலைச்சறுக்கு ஆபத்து என்று தடுக்கும் அதே வீட்டில், பதினாறு வயதுப் பையனிடம் டியூஷனுக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்கிறவர்களுக்குப் பயிற்சியாளரும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. எதிரே வருகிறவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இதற்குப் பெற்றோரையே பொறுப்பாக்குகிறது: மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. துணிச்சலுக்கு ஏங்கும் வயதில் அதற்கு முறையான இடம் கொடுக்காவிட்டால், அது சாலையில் இடம் தேடிக்கொள்ளும்.

விளையாட்டே ஆபத்து என்று நினைப்பவர்கள், கடலைப் பற்றிய அறிவின்மை எவ்வளவு ஆபத்தானது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம், கள்ளக்கடல் (திடீரெனக் கரையைத் தாக்கும் பெரிய அலைகள்) எச்சரிக்கை நடைமுறையில் இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அவர்கள் எந்தச் சாகச விளையாட்டும் ஆடவில்லை, சுற்றுலா வந்திருந்தார்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது, பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறிய பின்பே கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை அலைச்சறுக்குப் பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தூண்டில் வளைவை ஒட்டிய இடங்களில் இந்த இழுப்பு அடிக்கடி உருவாகும் என்பதையும் சொல்லித் தருகிறார்கள். புதுச்சேரித் துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தை மறித்ததால் கரை அரித்து, அடுத்தடுத்துக் கல் கொட்டப்பட்ட நம் கடற்கரையில் இந்த அறிவு விளையாடாத பிள்ளைக்கும் வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடலாமா என்றால், கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளை பலகையைத் தொடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதிலும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாளில், எந்தப் பயிற்சியாளர் கூப்பிட்டாலும் போகக் கூடாது. கூப்பிடுகிறவர் நல்ல பயிற்சியாளரும் அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறார், முதலுதவியும் உயிர்காப்புப் பயிற்சியும் முறையாகப் பெற்றவரா, கரையில் ஒருவரை நிறுத்துகிறாரா, தொடக்கநிலைப் பிள்ளைக்கு மென்பலகை கொடுக்கிறாரா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விட வேண்டாம். ஸ்கூபா என்னும் ஆழ்கடல் மூழ்கலுக்கு உலகெங்கும் வழங்கும் பயிற்சி முறைகளில் பத்து வயதுக்கு மேல் சிறார் சான்றிதழ் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே 12 மீட்டர் ஆழத்துக்கு மேல் அனுமதியில்லை. இழைப்பு, காதுக் கோளாறு போன்றவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். அந்த மருத்துவப் படிவத்தில் பிள்ளையின் நோயை மறைத்துக் கையெழுத்திடும் பெற்றோர் பிள்ளைக்கு நன்மை செய்யவில்லை.

தலைக்கவசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடிப்பது இதில்தான். பிரிட்டனுக்காக விளையாடும் ஸ்கேட்போர்டு வீராங்கனை ஸ்கை பிரவுன் 2020இல், பதினோரு வயதில், பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்து மண்டையோட்டிலும் இடது கையிலும் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார்; அப்படியும் உயிர் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்றார் அவருடைய தந்தை. அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், பதின்மூன்று வயதில், வெண்கலப் பதக்கம் பெற்றார். 'நன்றாக ஆடுகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு?' என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். ஒருமுறை பலமாக அடிவாங்கிய தலைக்கவசத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, விடாத தலைவலி, தடுமாற்றம், நடந்தது நினைவில்லாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 'ஒன்றுமில்லை அம்மா' என்று பிள்ளை சொன்னாலும் அன்றைக்கு மீண்டும் ஆட விடக் கூடாது. விபத்துக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் அதன் விலக்குப் பிரிவைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தருவதில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் காரணங்கள் வேறு. வெயிலில் கறுத்துவிடுவாள், காலில் தழும்பு விழும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது, அந்த உடையோடு கடற்கரையில் நாலு பேர் பார்ப்பார்களே என்பார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமில்லை; ஊர்ப் பேச்சின் பாரத்தை நான் அறிவேன். ஆனால், தழும்பைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் துணிவை முடக்குவது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி, சிறு வயதில் ஸ்கேட்போர்டில் தொடங்கி, இன்று நாடறிந்த அலைச்சறுக்கு வீராங்கனை. 2024 மே மாதம் பதினாறு வயதில் எவரெஸ்ட் ஏறிய காம்யா கார்த்திகேயனுடன், கடற்படை அதிகாரியான அவருடைய தந்தையும் ஏறினார். எல்லாப் பெற்றோரும் மலை ஏற வேண்டியதில்லை. கரை வரை போகலாம்.

படிப்பு கெட்டுவிடும் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. தேர்வு மாதங்களில் பயிற்சி நேரத்தைக் குறைத்துக்கொள்வது என்று பிள்ளையோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் பெரும்பாலும் அது கட்டுப்படும். மதிப்பெண் குறைந்ததும் பலகையைப் பிடுங்கிப் பரணில் போடுவது மட்டும் வேண்டாம். பிள்ளை அதைப் படிப்பின் மீதான கோபமாகவே மாற்றிக்கொள்ளும். எதிர்காலம் இல்லாத விளையாட்டு என்பதும் இன்று செல்லாது. அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு, செயற்கைச் சுவர் ஏற்றம் ஆகிய மூன்றும் டோக்கியோவிலேயே ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் நம் நாட்டின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆனாலும் பதக்கத்தை எதிர்பார்த்து அனுமதி கொடுப்பதை நான் விரும்பவில்லை. அந்த எதிர்பார்ப்பு பிள்ளையைத் தன் தகுதிக்கு மீறிய அலைக்குத் தள்ளிவிடும்.

பிள்ளையோடு பேசத் தொடங்குவது எப்படி என்று தயங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, அதனிடமே பாடம் கேளுங்கள் என்பதுதான். 'உன் பலகையின் கயிறு எதற்கு, அது அறுந்தால் என்ன செய்வாய், நீ போகவே மாட்டாய் என்று சொல்லும் அலை எது?' என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளையை நம்பலாம். 'எனக்கு எந்த அலையும் பயமில்லை' என்று சொல்லும் பிள்ளைக்கு இன்னும் சில காலம் கரையோர நுரையே போதும். அதைப் பயிற்சியாளர் வாயால் சொல்ல வையுங்கள், அவர் சொன்னால் கேட்கும்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பள்ளிகள் திறந்ததும் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காட்டுப் பேச்சுக்கு நடுவே, ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, அந்தந்தப் பகுதியில் பணியாற்றும் நம்பகமான அலைச்சறுக்கு, ஸ்கூபா, ஸ்கேட்போர்டு பயிற்சியாளர் ஒருவரையும், தலைக்காயம் பற்றிப் பேச ஒரு மருத்துவரையும் தலைமையாசிரியர்கள் அழைக்க வேண்டும்; மாணவர்களும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டாவதாக, கடலூர் மாவட்ட நிர்வாகமும் புதுச்சேரி அரசும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் புதுச்சேரிக் கடற்கரைகளிலும் இழுப்பு மிகுந்த இடங்களைக் கொடி நட்டு அடையாளப்படுத்தி, விடுமுறை நாட்களில் விடியற்காலை முதலே உயிர்காப்பாளர்களை நிறுத்த வேண்டும். அந்தப் பணியில் கடலை நன்கறிந்த மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தினால், பிள்ளையைக் கரைக்கு அழைத்துவரும் பெற்றோருக்குக் கேள்வி கேட்கவும் அங்கே ஓர் ஆள் இருப்பார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.